அலர்ஜி: இல்லை

உங்கள் ஸ்டேஷன் சாயா நன்றாக இருக்கிறது, சார். தூள் கூட்டிக் கடுப்பமாக, சர்க்கரை குறைத்துப் போட்டிருக்கிறார்கள். போலீஸ் ஸ்டேஷனைப் பற்றி வெளியே எத்தனையோ பேசுகிறார்கள், சாயாவைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போ என்று சொன்னீர்கள். ஒரு வரி வேலைதான். ஆனால் அந்த ஒரு வரியை அடித்து உள்ளே போனால், அங்கே இருப்பதைப் பார்த்து நீங்கள் குழம்பிப்போவீர்கள். ஆகவே முதலில் கொஞ்சம் விளக்கம் எழுதுகிறேன், பாஸ்வேர்டு கடைசியில் வரும். நீங்கள் எல்லையோரச் சித்தூர்க்காரர், பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்தவர் என்று கான்ஸ்டபிள் ஷாஜி சொன்னார். நான் மட்டாஞ்சேரியிலேயே பிறந்து மலையாளத்தில் படித்தவன். தமிழ் எழுத்து அப்பா வீட்டில் சொல்லிக்கொடுத்தது. எங்கேயாவது ஒற்று விட்டுப்போயிருந்தால் அதற்குத் தனியாக வழக்குப் போடாதீர்கள்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். போன வாரம் டாக்டர் வெங்கடேஸ்வரனின் கிளினிக்கில் ஊசி போட்டதும் என் தங்கை ரோஜா இறந்துபோனாள். ஆகாத மருந்தைக் கொடுத்துக் கொன்றுவிட்டார் என்று அவள் புருஷன் சுடலைமுத்து புகார் கொடுத்திருக்கிறான். கம்ப்யூட்டரில் ‘அலர்ஜி: இல்லை’ என்று இருந்ததைப் பார்த்துத்தான் கொடுத்தேன் என்கிறார் டாக்டர். போன துலாமாசம், நம் ஐப்பசியில், இடி விழுந்து கிளினிக்கின் கம்ப்யூட்டர் எரிந்ததே, அதற்கு முந்தைய பதிவுகளை எடுத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும், அவை அமெரிக்காவில் ஒரு சர்வரில் பத்திரமாக இருக்கின்றன, பாஸ்வேர்டு ஒச்சப்பனிடம் இருக்கிறது என்று அவரே உங்களிடம் சொல்லியிருக்கிறார். எழுபது வயது தாண்டியும் மனுஷனுக்கு இப்படி ஒரு நம்பிக்கை. எனக்கே பொறாமையாக இருக்கிறது.

என் அப்பா உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, கொச்சி கார்ப்பரேஷனில் ரோடு கூட்டினார். வேலையில் இருக்கும்போதே இறந்தார். அந்த வேலை மகனுக்கு, அதாவது எனக்கு, வரவேண்டியது. நான் அப்போது கம்ப்யூட்டர் கோர்ஸில் சேர்ந்திருந்தேன். துடைப்பம் பிடிக்கமாட்டேன் என்று சொன்னேன். ரோஜா பிடித்தாள். சாக்கடைக் கானைகளில் இறங்கிச் சேறு வாரினாள், அவள் சம்பளத்தில் என் கோர்ஸ் முடிந்தது. அண்ணனைப் படிக்கவைத்த தங்கை என்று எங்கள் காலனியில் அவளைப் புகழ்வார்கள். படித்தவனைப் பற்றி அவ்வளவாகச் சொல்லமாட்டார்கள்.

அவள் ஒருதடவை கானையில் கண்ணாடிச் சில்லை மிதித்துக் கால் சீழ் வைத்துவிட்டது. தொண்ணூற்றொன்பதில் என்று நினைவு. டாக்டர் ஒரு ஊசி போட்டார். வெளியே வந்து தெருமுனை தாண்டுவதற்குள் அவளுக்கு உதடு வீங்கி, மேலெல்லாம் தடித்து, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. நான்தான் ஆட்டோவில் தூக்கிப்போட்டுத் திரும்பக் கொண்டுபோனேன். டாக்டர் வேறு ஏதோ ஊசி போட்டுப் பிழைக்கவைத்தார். அவளுடைய அட்டையின் மூலையில் சிவப்பு மையில் மருந்தின் பெயரை எழுதி, அதையே ஒரு சின்ன மஞ்சள் துண்டிலும் எழுதி, “எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல்ல இதைக் காட்டணும், கேட்டியா” என்று அவள் கையில் கொடுத்தார். என்ன மருந்து என்று எனக்கு நினைவில்லை. டாக்டர் கையெழுத்தைப் படிக்க மருந்துக்கடைக்காரனால்தான் முடியும். அன்று மத்தியானம் அவள் செம்மீன், அதாவது இறால், குழம்பும் சாப்பிட்டிருந்தாள் என்பதை இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

நான் கம்ப்யூட்டர் கடை வைத்த பிறகு டாக்டருக்கு அட்டைகள் மேல் வெறுப்பு வந்தது. கரையான், ஈரம், தேடினால் கிடைக்காது. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்று என்றார். நானும் ரிசப்ஷனில் இருக்கும் பிந்துவும் உட்கார்ந்து மாதக்கணக்கில் அடித்தோம். மூலையில் சிவப்பு மை இருந்தால் ‘அலர்ஜி’ என்ற கட்டத்தில் மருந்தின் பெயரை அடிக்கவேண்டும். அடித்தோம். அடிப்பது விரல், அதில் மனசுக்கு வேலையில்லை என்பது டைப் அடித்த எல்லோருக்கும் தெரியும். வேலை முடிந்ததும் அட்டைகளை எடைக்குப் போட்டார்கள். ஒரு மழைக்காலம் முழுக்க எங்கள் தெருவில் கப்பலண்டி விற்கும் அப்பு, யாரோ ஒருவருடைய சர்க்கரை அளவைச் சுருட்டி அதில்தான் கடலை கொடுத்தான்.

ரோஜா மட்டும் அந்த மஞ்சள் துண்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டு அலைந்தாள். நாலாக மடித்து, நைந்து, பார்க்கவே அசிங்கமாக இருந்தது. “இனி இது எதுக்கு? கம்ப்யூட்டர்ல இருக்கு” என்றேன். அண்ணன் சொன்னால் அவளுக்கு வேதவாக்கு. என் கண்முன்னாலேயே கிழித்துப் போட்டாள்.

இப்போது பேக்கப்புக்கு வருகிறேன். இரண்டாயிரத்தாறில் பிராட்பேண்ட் வந்தது. கம்ப்யூட்டரில் இருப்பதை இன்டர்நெட் வழியாக வெளிநாட்டு சர்வரில் ஒரு நகல் போட்டுவைக்கும் சாஃப்ட்வேர் வந்திருப்பதைப் படித்து, டாக்டரிடம் சொன்னேன். “வீடே எரிஞ்சாலும் அங்க இருக்குமாடா?” என்று கேட்டார். இருக்கும் என்றேன். நான் சொன்னதில் அது ஒன்று முழு உண்மை.

அதை அமைப்பது பெரிய வித்தை இல்லை. அதுவே ஒவ்வொன்றாகக் கேட்கும், பெண் பார்க்க வந்த வீட்டார் மாதிரி. எந்த ஃபோல்டர்களைக் காப்பாற்றவேண்டும்? எல்லாவற்றையும் என்றேன். எத்தனை மணிக்கு நகல் எடுக்கவேண்டும்? கிளினிக் மூடிய பிறகு, ராத்திரி எட்டு மணிக்கு என்றேன். கடைசியாகப் பாஸ்வேர்டு. அதற்கு மட்டும் ஒரு பக்கத்துக்கு எச்சரிக்கை போட்டிருந்தார்கள். இதை மறந்தால் எங்களாலும் திறக்க முடியாது, ஒரு சொல்லாக வேண்டாம், நீளமான வாக்கியமாக, வேறு யாரும் ஊகிக்கமுடியாததாக, நீங்கள் உயிர் போனாலும் மறக்காததாகப் போடுங்கள் என்று இருந்தது. கொஞ்சநேரம் யோசித்து ஒன்று போட்டேன்.

முதல் நாள் பகலில் நானே பக்கத்தில் இருந்து ஓடவிட்டேன். அது ஃபோல்டர்களை ஆங்கில எழுத்து வரிசையில் ஏற்றியது. முதலில் டாக்டரின் ஐயப்பன் பாட்டுகள். அடுத்தது அவர் மகள் பாக்கியலக்ஷ்மியின் கல்யாணப் போட்டோக்கள், ஒவ்வொன்றும் யானை கனம். நோயாளிகளின் ஃபோல்டர் கடைசிப் பக்கம். சாயங்காலம்வரை கல்யாணமே முடியவில்லை. மீதி ராத்திரி எட்டு மணிக்குத் தானாக ஓடும் என்று விட்டுவிட்டு வந்தேன்.

ஓடவில்லை. காரணம் பிந்து. துலாமாசத்து மழை எப்படி என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மூன்று மணிக்கு மேல் கிழக்கே கறுத்தால் போதும், இந்த ஊரில் எல்லா வீட்டிலும் பெண்கள் ஓடிப்போய் டிவி, ஃபிரிட்ஜ், ஃபோன் என்று ஒவ்வொரு வயராகப் பிடுங்குவார்கள். பிந்துவின் அம்மா வீட்டில் ஒருமுறை ஃபோன் வயர் வழியாக இடி இறங்கிச் சுவரே பிளந்துவிட்டதாம். அதனால் அவள் மாசமும் பார்ப்பதில்லை, மேகமும் பார்ப்பதில்லை. வருஷம் முழுக்க, மீனமாசத்து வெயிலிலும், கிளினிக்கைப் பூட்டுமுன் கம்ப்யூட்டரையும் மோடத்தையும் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுத்தான் செருப்பு மாட்டுவாள். “வேண்டாம் பிந்து” என்று ஒருதடவை பட்டும் படாமலும் சொல்லிப்பார்த்தேன். “இடி வெட்டியா ஆரு சமாதானம் பறயும், சேட்டனா?” என்று கேட்டாள், இடி விழுந்தால் நீயா பதில் சொல்வாய் என்று. நான் எதற்குப் பொறுப்பேற்பது? விட்டுவிட்டேன்.

நகல் எடுக்கமுடியவில்லை என்று சாஃப்ட்வேர் திரையின் மூலையில் மஞ்சள் முக்கோணம் காட்டியது. அதை மறைத்துவைக்கவும் அதிலேயே வசதி இருந்தது. வசதியைப் பயன்படுத்தினேன். பிறகு மெயில் அனுப்பியது. மெயில் எனக்குத்தான் வரும்.

நேரத்தை மட்டும் மத்தியானத்துக்கு மாற்றியிருந்தால் முடிந்திருக்குமே என்று கேட்பீர்கள். முடிந்திருக்கும். அதற்கு டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் பாஸ்வேர்டு போட்டு, இதுவரை நோயாளிகள் யாரும் ஏறவில்லை என்பதை அவர் பக்கத்தில் நின்று பார்க்க, நான் மாற்றவேண்டும். அதற்குள் ஆயுதபூஜை வந்துவிட்டது. கிளினிக்கில் பூஜை வைத்தார்கள். ஸ்டெதாஸ்கோப், ஊசிப்பெட்டி, பஞ்சாங்கத்தோடு கம்ப்யூட்டரையும் மணையில் ஏற்றி, மானிட்டருக்குச் சந்தனம் வைத்து, மல்லிகைச் சரம் சுற்றினார்கள். டாக்டர் எனக்குப் பொன்னாடை போட்டார். “நம்ம எல்லாரோட ரோகமும் இப்ப ஆகாசத்துல பத்திரமா இருக்கு. வச்சது நம்ம ஒச்சப்பன்” என்று கூட்டத்தில் சொன்னார். கை தட்டினார்கள். வாசலில் இருந்த ஒரு கிழவர், என் அப்பாவை வாய்க்கு வந்தபடி அதட்டி வேலை வாங்கியவர், “ஒச்சப்பன் சார்” என்று கூப்பிட்டு வழிவிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்கவில்லை. பொன்னாடை போட்ட தோளோடு போய், ஐயா, ஆகாசத்தில் ஐயப்பன் பாட்டு மட்டும்தான் இருக்கிறது என்று சொல்ல எந்த மனுஷனுக்கு மனசு வரும்?

ரோஜாவும் அன்று வந்திருந்தாள். யூனிஃபார்மோடு பின்னால் நின்று கை தட்டினாள்.

போன துலாமாசத்தில் பிந்து, சித்தி மகளின் கல்யாணத்துக்காகத் திருப்பூணித்துறை போனாள். அன்றைக்குக் கிழக்கே கறுத்தபோது யாரும் வயரைப் பிடுங்கவில்லை. அன்று ஒருநாள் எட்டு மணிக்கு என் பேக்கப் ஓடியிருக்கும். நாலு மணிக்கு இடி இறங்கியது. மோடம் கருகியது, கம்ப்யூட்டர் கருகியது, ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தால் வயர் எரிந்த வாசனை. பிந்துவுக்கு இடியைப் பற்றித் தெரிந்தது உண்மைதான்.

டாக்டர் கொஞ்சமும் கலங்கவில்லை. “ஆகாசத்துலேர்ந்து எறக்குடா. அவசரமில்ல, நிதானமா செய்” என்றார். நான் கடைக்குப் போய், பாஸ்வேர்டு அடித்து உள்ளே பார்த்தேன். ஐயப்பன் பாட்டுகள் முழுசாக இருந்தன. பாக்கியலக்ஷ்மி ஊஞ்சலில் ஆடும் வரைக்கும் கல்யாணம் இருந்தது. தாலி கட்டவில்லை. நோயாளி என்று ஒரு பெயர்கூட இல்லை.

அப்போது இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, போய் உண்மையைச் சொல்வது. ஒவ்வொருவர் வரும்போதும் டாக்டர் மறுபடி கேட்டு எழுதிக்கொள்வார், கொஞ்சநாள் சிரமம், அவ்வளவுதான். இன்னொன்று நான் செய்தது.

ஓணத்துக்கு எல்லா நோயாளிகளுக்கும் வாழ்த்து அட்டை அனுப்ப விலாசம் அச்சடித்துக் கொடுத்திருந்தேன். பெயர், வயது, வீடு, நம்பர் எல்லாம் என் கடைக் கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தன. ஆள் இருக்கிறது, நோய்தான் இல்லை. நோயை நான் போட்டுக்கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு போட்டேன் என்று நினைக்கவேண்டாம். பிறந்ததிலிருந்து இந்தத் தெருக்களைப் பார்க்கிறவன். குடிக்கிறவனுக்குக் கல்லீரல் கொடுத்தேன். பருமனானவர்களுக்குச் சர்க்கரை. மசாலா கோடவுனில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு முதுகுவலியும் தும்மலும். மாமியாரோடு இருக்கும் பெண்களுக்குத் தலைவலி. ரத்தவகையைப் பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குப்படி பிரித்துக் கொடுத்தேன், ஒருத்தருக்கும் குறை வைக்கவில்லை. இவ்வளவு உழைத்து நான் வேறு எதையும் செய்ததில்லை.

அலர்ஜி கட்டம் மட்டும் கொஞ்சம் யோசிக்கவைத்தது. காலியாக விட்டால் ஏன் காலி என்று கேட்பார்கள். ‘உண்டு’ என்றால் எந்த மருந்து என்று கேட்பார்கள். ‘இல்லை’ என்று இருந்தால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. எல்லோருக்கும் ‘இல்லை’ என்று போட்டேன்.

ரோஜாவின் பெயர் வந்தபோது கை நின்றது உண்மை. ஏதோ ஒன்று அவளுக்கு ஆகாது என்று மங்கலாக நினைவிருந்தது. ஆனால் மங்கலாகத் தெரிந்த விஷயத்தை மருத்துவப் பதிவில் ஏற்றக்கூடாது, நான் அதில் கண்டிப்பானவன். மேலும், ஒருத்திக்கு மட்டும் உண்டு என்றிருந்தால் மற்றவர்களுடையது எங்கே போயிற்று என்று டாக்டர் யோசிக்க ஆரம்பிப்பார். அவளுக்கும் ‘இல்லை’ போட்டேன்.

புதுக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்த அன்று டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. “ஒண்ணும் போகலியேடா” என்றார். எண்ணிக்கை அப்படியே இருந்ததால் ஒன்றும் போகவில்லை என்பது சரிதான். பேக்கப் நேரத்தையும் மத்தியானத்துக்கு மாற்றிவிட்டேன், புதுக் கம்ப்யூட்டர் என்பதால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து ஒருநாள் தவறாமல் ஓடுகிறது. அதனால்தான் சொன்னேன், நீங்கள் குழம்புவீர்கள் என்று. உள்ளே போனால் ஐயப்பன் பாட்டு, பாதிக் கல்யாணம், அதற்குப் பிறகு இடி விழுந்த தேதிக்குப் பின்னால் தொடங்கும் என் பதிவுகள். பழையது என்று ஒன்று அங்கே இருந்ததே இல்லை.

ஆரம்பத்தில் எனக்கும் பயமாகத்தான் இருந்தது. பிறகு மூக்கம்மாள் வந்தாள். கூவப்பாடத்தில் இட்லி விற்கும் விதவை, ஆள் நல்ல கனம், அதனால் நான் சர்க்கரை கொடுத்திருந்தேன். டாக்டர் திரையைப் பார்த்து, “சர்க்கரைக்கு மருந்தை ஏன் நிறுத்தினே?” என்று கேட்டார்.

“எனக்கு ஏது டாக்டரே சர்க்கரை? நீங்கதானே இல்லைன்னு சொன்னீங்க?”

“நான் சொன்னேனா? இதுல இருக்கே.” டாக்டர் திரையையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். “வயசாச்சு, எனக்குத்தான் மறதி” என்று சொல்லி மாத்திரை எழுதினார். ரத்தம் சோதித்துப் பார்க்கலாம்தான். கம்ப்யூட்டரில் இருப்பதைச் சோதிப்பது கம்ப்யூட்டரை அவமதிப்பதாகும் என்று நினைத்தாரோ என்னவோ. அடுத்த வாரம் அவள் அடுப்புக்கு முன்னால் தலைசுற்றி விழுந்தாள். சர்க்கரை ஏறிவிட்டது போல என்று மாத்திரையைக் கூட்டினார். மூக்கம்மாளும் எல்லோரிடமும், நல்லவேளை டாக்டர் கண்டுபிடித்தார் என்றுதான் சொன்னாள். அதற்குமேல் எனக்குப் பயம் போய்விட்டது. என் பதிவுகள் எல்லோருக்கும் பொருந்திவருகின்றன என்றுதான் தோன்றியது.

இந்த ஜூன் மழையில் ரோஜா கானை வாரினாள். நாலாம் நாள் காய்ச்சல், கை கால் குடைச்சல். சுடலைமுத்து பஜாரில் சுமைவேலையை விட்டுவிட்டு ஓடிவந்து அவளை ஆட்டோவில் கிளினிக்குக் கொண்டுவந்தான். நான் அங்கே பிரிண்டரில் சிக்கிய தாளை எடுத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் அவள் கண்ணை விரித்துப் பார்த்தார். “எலிப்பனிதான், எலிக்காய்ச்சல். இதுக்குப் பென்சிலின்தான். ஒரு ஊசி இங்க போட்டுட்டு எர்ணாகுளத்துக்கு அனுப்பிடலாம்.”

நர்ஸ் சோனியா, “டெஸ்ட் டோஸ் போட்டு நோக்கண்டே டாக்டரே?” என்று கேட்டாள். கொஞ்சமாகக் குத்திப் பார்த்துவிட்டுப் போடலாமே என்கிறாள்.

டாக்டர் திரையைப் பார்த்தார். அலர்ஜி: இல்லை. அப்படியும் அவர் கை ஊசி பக்கம் போகவில்லை. “எனக்கு என்னமோ ஞாபகம் வர்ற மாதிரி இருக்கே” என்றார்.

சுடலைமுத்து என் பக்கம் திரும்பினான். “மச்சான், முன்னாடி ஒரு ஊசில இவளுக்கு மேலெல்லாம் தடிச்சுப்போச்சுல்ல? நீதானே ஆட்டோல கொண்டாந்தே?”

“அது செம்மீன் சாப்பிட்டது, மச்சான்” என்றேன். அவள் செம்மீன் சாப்பிட்டிருந்தாள் என்று மேலேயே எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

“ஒச்சப்பா, இது செரிதானே?” என்று டாக்டர் திரையைத் தொட்டுக் கேட்டார்.

இந்த இடத்தில் என் நிலைமையை நீங்கள் நிதானமாக யோசிக்கவேண்டும். இந்த ஒன்று தப்பு என்றால் எல்லாம் தப்பு. மூக்கம்மாள் தப்பு, கல்லீரல்கள் தப்பு, பொன்னாடை தப்பு. ஒரு ஆளுக்காக அத்தனை பேரின் நம்பிக்கையைக் கெடுப்பதா? மேலும் நான் டாக்டர் இல்லை. பென்சிலின் என்ற பெயர் எனக்கு எதையும் ஞாபகப்படுத்தவில்லை. “செரிதான் சார். ஆகாசத்திலேர்ந்து வந்தது” என்றேன்.

ரோஜா அப்போது கண்ணைத் திறந்து என்னைத் தேடினாள். காய்ச்சலில் நாக்கு குழறியது. “அண்ணே, கம்ப்யூட்டர்ல இருக்குல்ல?” என்றாள்.

“இருக்கு, நீ படு” என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். சோனியா ஊசி போட்டாள். பிரிண்டரிலிருந்து தாள் கிழியாமல் வந்துவிட்டது, அதை நான் நீவிக்கொண்டிருந்தேன். பிறகு நடந்ததைச் சுடலைமுத்து உங்களிடம் சொல்லியிருப்பான். டாக்டர் தன்னால் ஆனதையெல்லாம் செய்தார், இந்தமுறை அது போதவில்லை. உதடு வீங்கியது எனக்கு முன்பே பார்த்த மாதிரி இருந்தது. என் தங்கைமேல் எனக்கு எவ்வளவு பாசம் என்று காலனியில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். மயானத்தில் நான் அழுத அழுகையைப் பார்த்துச் சுடலைமுத்துவே என்னைத் தேற்றினான்.

டாக்டர் சாப்பிடுவதில்லையாம். நான்தான் மறந்துட்டேன், அந்தச் சிவப்பு மையை நான்தான் எழுதினேன், எப்படி மறந்தேன் என்று தலையில் அடித்துக்கொள்கிறாராம். ஆகாசத்தில் இருப்பது வந்தால் தன் மனசுக்காவது தெளிவு கிடைக்கும் என்று காத்திருக்கிறாராம். அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அவர் நல்லவர்.

என் பங்கை நான் மறைக்கவில்லை. முக்கோணத்தை மறைத்தது நான். நோய்களை எழுதியது நான். எல்லோருக்கும் ‘இல்லை’ போட்டது நான். அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். ஆனால் ரோஜாவின் சாவை என் தலையில் வைக்கவேண்டாம். அது மறதி. அவளுக்கு ஆகாதது எந்த மருந்து என்று டாக்டர் மறந்தார், சுடலைமுத்து மறந்தான், நானும் மறந்தேன். மறதி குற்றம் என்றால் மட்டாஞ்சேரியில் பாதிப் பேருக்கு உங்கள் லாக்கப்பில் இடம் போதாது.

சாயா ஆறிவிட்டது. நீங்கள் கேட்டதைக் கொடுத்துவிடுகிறேன். அன்று சாஃப்ட்வேர் கேட்டபோது போட்டது, இரண்டு வருஷமாக மாற்றவில்லை. நகல் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வாரத்துக்கு ஒருமுறையாவது அடித்துப் பழகிய விரல், யோசிக்கவே வேண்டாம், அதுவாக அடிக்கும். ஊசி போட்ட அன்று காலையிலும் அடித்தேன். கீழே தமிழில் இருப்பதை ஆங்கில எழுத்தில், எல்லாம் சின்ன எழுத்தாக, நடுவில் இடைவெளி விடாமல் அடிக்கவேண்டும்:

ரோஜாவுக்குபென்சிலின்ஆகாது